உம்மா என்று வாசித்த பிள்ளை

கொஞ்சம் நீளமான பதிவு. முன்பள்ளியிலோ தரம் ஒன்றிலோ பிள்ளை இருக்கிற உம்மா, வாப்பாமாரும், எங்களைப் போல ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறவர்களுமாவது கடைசி வரை வாசித்தால் நல்லது.

கலஹாப் பக்கத்தில் ஒரு சின்னப் பாடசாலையில் ஆரம்ப வகுப்புகள் எடுக்கிற மூன்று டீச்சர்மார் நாங்கள். இதில் வரும் பிழை மூன்று பேருடையது. பிறகு செய்த கொஞ்ச வேலையும் மூன்று பேருடையதுதான். அதனால் "நாங்கள்" என்றே எழுதுகிறோம்.

தரம் ஒன்று பெற்றோருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். நாளைக்கு என்ன கொண்டு வர வேண்டும், கூட்டம் எப்போது என்று எல்லாம் அதில் எழுதிப் போடுவோம். ஒரு நம்பரில் இருந்து மட்டும் ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடத்தில் ஒரு வொய்ஸ் வரும்: "டீச்சர், என்னா போட்டிருக்கீங்க? கொஞ்சம் செல்லுங்களே."

முதல் மாதம் பொறுமையாகப் பதில் சொன்னோம். பிறகு எரிச்சல் வந்தது. "கண்ணுக்கு முன்னால எழுதிப் போட்டிருக்கு, வாசிக்கச் சோம்பல்" என்று ஸ்டாஃப் ரூமில் கதைத்துச் சிரிக்கவும் செய்தோம்.

அந்த நம்பர் வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளையின் நானாவுடையது. வாப்பா வெளிநாட்டில். உம்மாவிடம் பழைய பட்டன் போன். அதனால் பதினேழு வயது நானாதான் குரூப்பில் இருந்தான். பதினொரு வருடத்துக்கு முன் அவனும் எங்களிடம்தான் தரம் ஒன்று படித்தான்.

அவனுக்கு வாசிக்கத் தெரியாது. வேறு யார் மறந்தாலும் நாங்கள் மறந்திருக்கக் கூடாத விஷயம் அது.

அப்போது நாங்கள் ஆசிரியர் கலாசாலை முடித்து வந்த புதிது. பையன் கெட்டிக்காரன். கதை சொன்னால் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்லுவான். மனக்கணக்கில் வகுப்பிலேயே முந்துவான். கொப்பியைத் திறந்தால் மட்டும் வயிற்றுவலி வரும், தண்ணீர் குடிக்கப் போக வேண்டி வரும், பென்சில் காணாமல் போகும். சொல்வதெழுதலில் பத்துக்குப் பூஜ்யம். பிழைத்த சொல்லைப் பத்துத் தரம் எழுத வைத்தோம். பார்த்து அழகாக எழுதுவான். அடுத்த நாள் அதே சொல்லைக் காட்டினால் முதல் முறை பார்ப்பவன் போல முழிப்பான்.

"கவனம் போதாது, விளையாட்டுப் புத்தி" என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதினோம். பின் வாங்கில் இருத்தினோம். யாரையும் வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை என்பதால் அவன் வருடா வருடம் மேலே ஏறிக்கொண்டே போனான். தரம் ஒன்பதில் வருவதை நிறுத்திவிட்டான். இப்போது ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. எந்தப் பைப்புக்கு எந்த சொக்கட் என்று மனப்பாடம். பில் எழுதுவது மட்டும் வேறு ஆள்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நடுவால் போகிற ரோட்டுக்குப் பெயரே கலஹா ரோட். அவ்வளவு பெரிய படிப்பின் நடுவால் தினமும் பஸ்ஸில் போய் வருகிற ஊர் எங்களுடையது. அந்த பஸ்ஸின் போர்டை வாசிக்க முடியாமல், கொண்டக்டர் கூவுவதைக் கேட்டு ஏறுகிற ஒரு பிள்ளையை நாங்கள்தான் உருவாக்கி அனுப்பியிருக்கிறோம்.

இப்படியான பிள்ளையைப் பற்றி 1896லேயே எழுதியிருக்கிறார்கள். பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய டாக்டர் அந்த வருடம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். புத்திசாலி, கண் பார்வை நன்றாக இருக்கிறது, ஆனால் எவ்வளவு படிப்பித்தும் வாசிக்க வரவில்லை. தன் பெயரையே எழுத்து மாறி எழுதினானாம். பாடம் முழுக்க வாயால் நடந்தால் பாடசாலையிலேயே இவன்தான் முதல் ஆள் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாகவும் அதில் இருக்கிறது. அதை வாசித்தபோது எங்களுக்குக் கை நடுங்கியது. நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆசிரியர் கண்டுகொண்டதை நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

இனி தங்கச்சியின் கதை.

முதலாம் தவணையில் அவளைப் பற்றி எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பாட்டு, அபிநயம், கதை எல்லாவற்றிலும் முன்னுக்கு நிற்கிற பிள்ளை. உம்மாவும் வந்து பெருமையாகச் சொன்னார்: "புள்ளக்கி புத்தகம் எல்லாம் பாடம் டீச்சர். கண்ண மூடிட்டே செல்லுவா."

ஒரு நாள் படத்தோடு இருந்த ஒரு பக்கத்தை விரல் வைத்து வாசித்துக் காட்டினாள். தடங்கல் இல்லாத வாசிப்பு. ஆனால் "அம்மா" என்று அச்சடித்திருந்த இடத்தில் "உம்மா" என்றாள்.

முதலில் சிரித்துவிட்டோம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். பிறகு எங்களில் ஒருவர் படத்தைக் கையால் மூடிவிட்டு, "இன்னொருக்கா வாசிங்க மகள்" என்றார்.

பிள்ளை பேசவில்லை. விரல் அதே இடத்தில் இருந்தது. கண் எங்கள் முகத்தைப் பார்த்தது. நானாவின் முகத்தில் ஒரு காலம் நாங்கள் பார்த்த அதே பார்வை.

அவள் வாசித்தது எழுத்தை அல்ல, படத்தையும் ஞாபகத்தையும். நல்ல ஞாபகசக்தி உள்ள பிள்ளை இப்படி ஒரு வருடம், ஒன்றரை வருடம் யாருக்கும் தெரியாமல் ஓட்டலாம். முதன்மை நிலை ஒன்றின் அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளை தரம் இரண்டின் முடிவில் பார்க்கும்போதுதான் பலருக்கு விஷயம் வெளிக்கும். அதற்குள் பிள்ளை தன்னை மொக்கு என்று முடிவு பண்ணியிருக்கும்.

அன்று அந்திக்கு அவள் ஓதப் போகிற மத்ரசாவின் ஹஸ்ரத்தோடு கதைத்தோம். அவரும் அதையே சொன்னார். "எல்லாரோடயும் சேந்து ஓதினா அழகா ஓதுவா. தனிய ஓதச் சொன்னா வாய் தெறக்க மாட்டா. வெக்கம்னு நெனச்சேன்." கூட்டத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு அரை நொடி பின்னால் அவள் குரல் வருகிறது என்பதை அவர் பிறகுதான் கவனித்திருக்கிறார்.

எங்கள் பிள்ளைகளின் சுமையை ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலம். குர்ஆன் வலமிருந்து இடம். கொஞ்ச நாளில் சிங்களமும் வரும். சின்ன வயதிலேயே நான்கு எழுத்து. பெரும்பாலான பிள்ளைகள் சமாளிக்கிறார்கள், மாஷா அல்லாஹ். இந்தப் பிரச்சினை நான்கு எழுத்தால் வருவதும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளை தடுமாறும்போது "குழம்பியிருக்கு, போகப் போகச் சரிவரும்" என்று சொல்லிக் காத்திருக்க எங்களுக்கு அது வசதியான சாட்டாகிவிடுகிறது.

டிஸ்லெக்சியாவைப் பற்றிக் கலாசாலையில் படித்தது எங்களுக்கு ஞாபகம் இருந்தது கொஞ்சம்தான். ஆங்கிலத்தில் சின்ன "பி"யையும் "டி"யையும் மாற்றி எழுதுவார்கள் என்பது அதில் ஒன்று. தமிழில் அப்படிக் கண்ணாடியில் பார்த்தது போன்ற சோடி எழுத்து இல்லையே. அதனால் எங்கள் வகுப்பில் யாருக்கும் அது இல்லை என்று நினைத்திருந்தோம்.

பிறகு தேடி வாசித்தபோதுதான் விளங்கியது, பெரும்பாலும் இது கண்ணின் விஷயம் அல்ல, காதின் விஷயம் என்று. காது கேட்காமல் போவதைச் சொல்லவில்லை. கேட்ட சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பிடிப்பதில்தான் கஷ்டம். "மாடு" என்ற சொல்லில் "மா" என்று ஒரு துண்டும் "டு" என்று ஒரு துண்டும் இருக்கிறது என்று தெரிந்தால்தான், அந்தத் துண்டுக்கு இந்த எழுத்து என்று பொருத்த முடியும். துண்டே தெரியாத பிள்ளைக்கு எழுத்து வெறும் கோடு.

1983இல் பிரிட்டனில் பிராட்லி, பிரையன்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இன்னும் வாசிக்கத் தொடங்காத நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் சுமார் 400 பேரிடம் சில சொற்களைச் சொல்லி, இதில் ஒலி சேராத சொல் எது என்று கேட்டிருக்கிறார்கள். அதில் தடுமாறிய பிள்ளைகள் சில வருடம் கழித்து வாசிப்பிலும் பின்தங்கினார்கள். தடுமாறியவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒலியைப் பிரிக்கவும் சேர்க்கவும் பழக்கினார்கள். வெறும் ஒலியோடு நிற்காமல் பிளாஸ்டிக் எழுத்தையும் கையில் கொடுத்துப் பழக்கிய பிள்ளைகள்தான் கூட முன்னேறினார்கள்.

ஒலி சேர்கிற சொல் எது என்பது எங்கள் மோனையும் எதுகையும்தானே? இலக்கண வகுப்புக்கு மட்டும் என்று நாங்கள் ஒதுக்கி வைத்தது, ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேண்டிய மருந்தாக இருந்திருக்கிறது.

அடுத்த நாள் தரம் ஒன்றில் எல்லாப் பிள்ளைகளையும் தனித்தனியே கூப்பிட்டு விளையாட்டுப் போலக் கேட்டோம். "பூனை, பூட்டு, பூசணி, மரம். இதில் சேராதது எது?" "காடு, மாடு, ஆடு, கல். சேராதது எது?" "தேயிலை என்று சொல்லிச் சொல்லிக் கை தட்டுங்க, எத்தனை தட்டு?" 23 பேரில் ஐந்து பேர் தடுமாறினார்கள். தங்கச்சியும் ஒருத்தி. இரண்டு பேர் தோட்டத்தில் இருந்து வருகிற பிள்ளைகள். ஒருவன் வகுப்பிலேயே அமைதியான பிள்ளை. அவனை நாங்கள் "நல்ல பிள்ளை" பட்டியலில் வைத்திருந்தோம்.

ஐந்து பேருக்கும் முதலில் கண்ணையும் காதையும் காட்டச் சொன்னோம். அமைதியான பையனுக்குக் காதில் சீழ். மருந்து எடுத்ததும் பாதிக் கஷ்டம் போய்விட்டது. இதை ஏன் சொல்கிறோம் என்றால், தடுமாறுகிற எல்லாப் பிள்ளைக்கும் டிஸ்லெக்சியா இல்லை. ஆறு வயதில் அந்தப் பெயரை ஒட்டுவது டீச்சரின் வேலையும் இல்லை. ஆபத்து இருக்கிறது என்று கண்டுகொள்வதும், பெயர் வருமட்டும் காத்திராமல் உதவியைத் தொடங்குவதும்தான் எங்கள் வேலை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் வரக்கூடிய சாத்தியம் கூட என்பது தெரிந்த விஷயம். நானாவை நாங்கள் ஒழுங்காகக் கண்டுகொண்டிருந்தால், தங்கச்சியை முதல் நாளே கவனித்திருப்போம்.

உதவியைத் தொடங்கியபோதும் ஒரு பிழை விட்டோம். இடைவேளையில் அவர்களைப் பிடித்து வைத்தோம். மற்றவர்கள் வெளியே விளையாடும்போது இவர்களுக்கு எழுத்து. மூன்றாம் நாள் தங்கச்சி அழுதாள். "நான் என்னா கொளப்படி செஞ்ச டீச்சர்?" என்று கேட்டாள். அன்றோடு இடைவேளையை விட்டோம். அதிபரிடம் கேட்டு, காலையில் முதல் இருபது நிமிடத்தை எடுத்துக்கொண்டோம். ஒருவர் இந்த ஐந்து பேரோடு தரையில் இருப்பார், மற்ற இருவர் வகுப்புகளைப் பார்த்துக்கொள்வார்கள். வாரத்தில் ஐந்து நாளும் இருபதே நிமிடம்.

செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதல் ஐந்து நிமிடம் எழுத்தே இல்லாமல் வாயும் கையும் மட்டும். சொல்லைத் தட்டித் தட்டிப் பிரிப்பது. "மாடு. மாவை எடுத்துட்டு கா போடுங்க. என்ன வந்துச்சு?" "காடு!" இதைப் பஸ்ஸிலும் விளையாடலாம், ரொட்டி சுடும்போதும் விளையாடலாம்.

பிறகு எழுத்து. அ, ஆ, இ என்று வரிசையில் போகவில்லை. கோடு இழுக்க லேசான ட, ப, ம என்று தொடங்கி, ர வந்ததும் படம், மரம் என்று உடனே சொல் கட்டினோம். சுளகில் ரவையைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே சத்தமாகச் சொல்ல வைத்தோம். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரல் வைத்து எழுதிய முறைதான். கண், காது, வாய், விரல் நாலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

தமிழில் 247 எழுத்து என்று பயப்படுத்துகிறோம். ஆனால் பிள்ளைக்குக் கஷ்டம் எண்ணிக்கை மட்டுமல்ல, உயிர்க்குறி நிற்கிற இடமும்தான். "கா"வில் குறி பின்னால். "கி"யில் மேலே. "கு"வில் எழுத்தோடு ஒட்டி, அதுவும் மு, சு, து என்று எழுத்துக்கு எழுத்து வேறு மாதிரி. "கெ"யில் குறி முன்னால், ஆனால் சத்தம் பின்னால். "கொ"வில் இரண்டு பக்கமும். கன்னடப் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்த சொனாலி நாக், இந்த மாதிரி எழுத்துகளை முழுதாகப் பிடிக்க ஆங்கில எழுத்தைவிட நிறைய வருடம் எடுக்கிறது என்று 2007இல் எழுதியிருக்கிறார். எங்கள் எழுத்தும் அந்த வகைதான். சாதாரணப் பிள்ளைக்கே காலம் எடுக்கும் என்றால், இந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பொறுமை வேண்டும்?

"கொ"வுக்காக சோடா மூடிகளில் குறியை ஒரு மூடி, "க"வை ஒரு மூடி, காலை ஒரு மூடி என்று எழுதினோம். "முன்னால நிக்கிற ஆள் தனியப் பேச மாட்டார். பக்கத்து ஆள் வந்தாத்தான் வாய் தெறப்பார்" என்று சொல்லிக் கொடுத்தோம். பிள்ளைகள் அந்தக் குறிக்கு "காத்திருக்கிறவர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஹஸ்ரத்தும் சேர்ந்துகொண்டார். யோசித்துப் பார்த்தால் காயிதா ஓதுகிற முறையே இதுதான். "அலிபு ஸபர் அ, அலிபு ஸேர் இ, அலிபு பேஷ் உ" என்று எழுத்தையும் குறியையும் சொல்லி ஒலியைச் சேர்ப்பது. கூட்டத்தோடு இழுபட்டுப் போகாமல், தினமும் இரண்டே வரியைத் தனியாக விரல் வைத்து ஓத அவளுக்கு இடம் கொடுத்தார். குரல் குறைந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டார்.

வீட்டுக்கு ஒரு வேலையும் கொடுக்கவில்லை, ஒன்றைத் தவிர. யாராவது ஒருவர் இரவில் பத்து நிமிடம் கதை வாசித்துக் காட்ட வேண்டும். உம்மா தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் அவ்வளவா வராது டீச்சர்" என்றார். அப்படியானால் கதை சொல்லுங்கள், அதுவும் வாசிப்புக்குத்தான் சேரும் என்றோம்.

மூன்றாம் தவணையில் ஒரு காலை. இரண்டு அட்டை எழுதி அவள் முன்னால் வைத்தோம். படம் இல்லை. ஒன்றில் "அம்மா", மற்றதில் "உம்மா". கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் தொடையில் தட்டினாள். பிறகு சரியான அட்டையை எடுத்து, "இதுதான் எங்கட உம்மா. மத்தது புத்தகத்து அம்மா" என்றாள்.

அதிசயம் நடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இப்போதும் மெதுவாகத்தான் வாசிக்கிறாள். ல, ள, ழ மாறும். புதுச் சொல் வந்தால் நிற்பாள். ஆனால் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் பார்க்கிறாள். தரம் இரண்டிலும் இருபது நிமிடம் தொடரும், இன்ஷா அல்லாஹ். தரம் மூன்றிலும் தேவைப்படலாம்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு நாள் நேரத்தோடு கூட்டிப்போக வந்த நானா, கதவடியில் நின்று மூடி விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாரும் போன பிறகு மெதுவாகக் கேட்டான்: "டீச்சர், எனக்கும் இதுதானா?"

பூசி மெழுக எங்களுக்கு வாய் வரவில்லை. "ஓம் மகன், இதுவாத்தான் இருந்திருக்கும். எங்களுக்கு அப்ப விளங்கல்ல. மன்னிச்சுக்கங்க" என்றோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கீழே கிடந்த ஒரு மூடியை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தான். தங்கச்சியின் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அந்தக் கடனை எப்படி அடைப்பது என்று இன்னும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் சொல்லித் தருகிறோம் என்று வொய்ஸ் அனுப்பியிருக்கிறோம். இரண்டு முறை வந்திருக்கிறான்.

குரூப்பில் இப்போது எழுதியும் போடுகிறோம், பேசியும் போடுகிறோம். முதல் வொய்ஸ் போட்ட அன்று இன்னும் நான்கு பேர் தனியாக நன்றி சொன்னார்கள். இத்தனை நாள் அவர்களும் கேட்க வெட்கப்பட்டு இருந்திருக்கிறார்கள்.

பெற்றோரே, இவற்றைக் கொஞ்சம் கவனியுங்கள்:

1. பேச்சு பிந்தி வந்த பிள்ளையா? குடும்பத்தில் வாசிக்கக் கஷ்டப்பட்டவர் இருக்கிறாரா? வெட்கப்படாமல் டீச்சரிடம் முதல் வாரமே சொல்லுங்கள்.

2. ஐந்து வயதிலும் ஒரே ஒலியில் தொடங்குகிற சொல்லைப் பிடிக்க முடியவில்லையா? சொல்லைத் தட்டிப் பிரிக்க வரவில்லையா?

3. பாடம் எல்லாம் "பாடமாக" சொல்கிறதா? படத்தை மூடிவிட்டு ஒரு வரி வாசிக்கச் சொல்லுங்கள். ஏசுவதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக.

4. நேற்றுப் படித்த எழுத்து இன்று புதிதாக இருக்கிறதா? புத்தகத்தைக் கண்டால் மட்டும் வயிற்றுவலி வருகிறதா?

இதில் இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால், முதலில் கண், காது. பிறகு டீச்சரோடு உட்கார்ந்து கதையுங்கள். "அடுத்த வருஷம் சரிவரும்" என்று டீச்சர் சொன்னால், இந்த வருஷம் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். எங்களிடமும் அப்படிக் கேளுங்கள், கோபிக்க மாட்டோம்.

டீச்சர்மாரே, நம் அறிக்கைகளில் "கவனம் போதாது" என்று எழுதுமுன், ஒரு தடவை படத்தைக் கையால் மூடிப் பார்ப்போம். அதற்கு அரை நிமிடம்தான் போகும். நாங்கள் அதைப் பதினொரு வருடம் பிந்திச் செய்தோம்.